சட்டைப் பையில் இரண்டு துண்டுகள்

1993 ஓகஸ்ட் மாதக் கடைசியில் மகளுக்கு மருந்து வாங்கப் போயிருந்த என் தம்பி அருள் வவுனியாவிலிருந்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டிருந்தான். அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். நான்கே வரிகள். பிள்ளையின் இழுப்பு வருத்தத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கடலேரி கடக்கிறேன். புதன்கிழமை வீட்டில் நிற்பேன். மலரைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லவும்.

பாதை மூடியிருந்ததால் அந்நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு வரக் கடலேரிப் படகு ஒன்றே வழி. அந்தச் செவ்வாய்க்கிழமை கடலேரியில் படகுகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சில உடல்கள் கரை ஒதுங்கின. அவற்றுள் அருள் இல்லை. திரும்பி வந்த படகுகளிலும் அருள் இல்லை. புதன்கிழமை போனது. அடுத்த புதன்கிழமையும் போனது.

அந்தச் செய்தியைப் பத்திரிகைக்கு எழுதியவன் நான்தான். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பத்திரிகையில் பதினாறு வருடமாக உதவி ஆசிரியராக இருக்கிறேன். செய்தியில் தம்பியின் பெயரைப் போடவில்லை. உறுதியாகாததை எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆனால் எழுதாமலே மனதுக்குள் முடிவு கட்டுவதை அந்தப் பாடம் தடுக்கவில்லை. இரண்டு கிழமைக்குள் நான் முடிவு கட்டிவிட்டேன். அருள் இறந்துவிட்டான்.

அருளின் மனைவி மலர் அப்படி நினைக்கவில்லை. அவளும் மகளும் வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். உறவினர் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஆலயத்தில் ஒரு நினைவு ஆராதனையாவது வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தார்கள். மலர் தேநீர் கொடுப்பாள். பிறகு, "அவர் வரட்டும், அவரிட்டையே கேட்டு வைப்பம்" என்பாள். அதோடு கதை முடிந்துவிடும். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. துக்கப்பட வேண்டியவள் துக்கப்படாமல் இருக்கிறாள் என்ற கோபம். அதை நான் அப்போது அனுதாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒக்டோபரில் எங்கள் சபையில் ஒரு சீஷத்துவக் குழு ஆரம்பமாகப் போவதாக அறிவித்தார்கள். இருபது சனிக்கிழமைகள். பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை. மண்ணெண்ணெய் இல்லாத காலம், ஆகையால் பொழுதுபட முன் எல்லோரும் வீடு சேர வேண்டும். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. ஒருநாளும் வராமல் விடக்கூடாது. மலர் அன்றே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆலயம் மூன்று மைல். மலரின் சைக்கிள் ரயர் வெடித்து, மாற்று ரயர் கிடைக்காமல் கொட்டிலில் கிடந்தது. ஆகவே நான்தான் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதற்கிழமை நான் வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றேன். குழுவை நடத்தியவர் ஞானம் மிசி. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர், கல்யாணம் செய்யாதவர், வார்டு நடத்துகிற மாதிரித்தான் குழுவையும் நடத்துவார். யன்னலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"நேசன், உங்கை நிண்டு என்ன காவல் காக்கிறியள்?"

"சைக்கிளுக்கு, மிசி."

"சைக்கிளை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ. அதோடை நீங்களும் வாங்கோ."

இப்படித்தான் நான் சீஷத்துவக் குழுவில் சேர்ந்தேன். எந்தத் தரிசனமும் காணவில்லை. சைக்கிளோடு உள்ளே போனேன்.

ஏழு பேர் இருந்தோம். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பிலிப்பு அண்ணை. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழிலாளி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கத்தோலிக்கர். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டதால் வந்தவர். "ஞாயிறு அங்கை பூசை, சனி இஞ்சை சோதனை" என்று முதல்நாளே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். என்னைப் 'பேப்பர்த் தம்பி' என்றுதான் கூப்பிடுவார். எங்கேயோ கண்ட முகமாக இருந்தது. எங்கே என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

குழுவின் முறை இதுதான். பாடப் புத்தகம் ஒன்றே ஒன்று, அது மிசியின் கையில். நாங்கள் ஒவ்வொருவரும் அந்தக் கிழமைக்குரிய வசனத்தை ஒரு சிறு துண்டில் எழுதி மனனம் செய்ய வேண்டும். துண்டின் பின்பக்கத்தில் எங்கள் ஜெப விண்ணப்பத்தை ஒரே வரியில் எழுதி, பெயரும் எழுத வேண்டும். வகுப்பு முடியும்போது எல்லாத் துண்டுகளையும் ஒரு பழைய பிஸ்கட் ரின்னில் போட்டு, ஆளுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். யாருடைய துண்டு விழுகிறதோ அவருக்காக அந்தக் கிழமை முழுவதும் ஜெபித்து, அடுத்த சனிக்கிழமை வந்ததும் துண்டை மிசியிடம் கொடுத்துவிட வேண்டும். அதுவரை அதை உடம்போடு வைத்திருக்க வேண்டும், சட்டைப் பையிலோ கைப்பையிலோ. "மேசையிலை வைச்சால் மறந்துபோவியள்" என்பார் மிசி.

தாள் கொண்டுவந்து கொடுத்தவன் நான். அந்நாட்களில் அச்சுத்தாள் வருவதில்லை. பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கான கோடு போட்ட தாளில்தான் எங்கள் பத்திரிகை வந்தது. அதை அளவுக்கு வெட்டும்போது ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத் துண்டுகள் மிஞ்சும். அவற்றை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுவில் எனக்கு இதனால் நல்ல மதிப்பு.

வேறு மதிப்பும் இருந்தது. வசனத்தை ஒரு சொல் விடாமல் ஒப்புவிப்பவன் நான் ஒருவன்தான். பிலிப்பு அண்ணை பாதி வசனத்தைச் சொல்லிவிட்டு, மீதியைத் தன் சொந்தக் கதையில் முடிப்பார். மிசி அவருக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுப்பார். நான் என் ஜெப விண்ணப்பத்தையும் ஒவ்வொரு கிழமையும் பிழையில்லாமல் எழுதினேன்: 'தம்பி அருள் சுகமாக வீடு திரும்ப வேண்டும். நேசன்.' வாய்விட்டு ஜெபிக்கும் முறை வரும்போதும் அதையே ஒழுங்கான வசனங்களில் ஜெபித்தேன். மலர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

இனி, எழுதக் கூச்சமானதை எழுத வேண்டும்.

பத்திரிகையில் காலையில் செய்தி பார்ப்பது என் வேலை. பிற்பகலில் மரண அறிவித்தல்களுக்குப் பொறுப்பு. சனம் கவுண்டருக்கு வந்து விவரம் சொல்லும், நான் எழுதுவேன். பிறப்பிடம், வதிவிடம், வயது, யாருடைய புதல்வர், யாருடைய கணவர், யாருடைய தந்தை, கிரியை எப்போது. எங்கள் ஊரில் இந்த அறிவித்தலில் ஒரு பெயர் விடுபட்டால் பத்து வருடத்துக்குக் கதைக்காமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. நான் எழுதினால் பிழை வராது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஒக்டோபர் கடைசியில், வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில், மிஞ்சிய தாள்துண்டு ஒன்றை எடுத்து அருளின் மரண அறிவித்தலை எழுதினேன். ஒருநாள் தேவைப்படும், அவசரத்தில் எழுதிப் பிழை விடக்கூடாது என்பது நான் எனக்குச் சொன்ன காரணம். 'வட்டுக்கோட்டையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பாடசாலை ஆசிரியர் அருளானந்தம் (வயது 36)' என்று தொடங்கி, 'மலரின் அன்புக் கணவரும்' என்பதைக் கடந்து, 'உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்' என்பது வரை எழுதினேன். திகதிக்கு மட்டும் புள்ளிகள் போட்டு இடம் விட்டேன்.

அதை மேசையில் வைக்க முடியாது. எங்கள் அச்சுக்கோப்பாளர் பொன்னையா அண்ணை மேசையில் கிடக்கும் எந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். "உம்மடை மேசையிலை கிடக்கிறதெல்லாம் எனக்குக் கோக்கிற சாமான்தான். கடைக்குப் போற துண்டையும் கோத்துப்போடுவன், கவனம்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. ஆகவே அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைப்பேன். ஜெபத் துண்டும் அதே பையில்தான் இருந்தது. ஒரே தாள், ஒரே அளவு, ஒரே மடிப்பு.

நான்கு சனிக்கிழமைகள் நான் அப்படி ஜெபித்தேன். வாயில் தம்பி திரும்பி வர வேண்டும் என்ற ஜெபம். பையில் அவனுடைய மரண அறிவித்தல். இரண்டுக்கும் நடுவில் ஒரு முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. செய்தியில் இருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன்.

நவெம்பர் கடைசிச் சனிக்கிழமை. காலையிலிருந்து மழை பெய்து, இரண்டு மணிக்குத்தான் விட்டது. வகுப்பு முடியும் நேரம், மிசி ரின்னைத் திறந்து நீட்டினார். நாங்கள் துண்டுகளைப் போட எழுந்தபோது பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது.

"எல்லாரும் பங்கருக்குள்ளை! துண்டைப் போட்டிட்டு ஓடுங்கோ!" என்றார் மிசி.

"போடாமல் ஓடினால் பரலோகத்திலை எடுக்க மாட்டினமோ, மிசி?" என்று கேட்டுக்கொண்டே பிலிப்பு அண்ணை தன்னுடையதைப் போட்டார். நான் பைக்குள் கைவிட்டேன். கையில் வந்ததைப் போட்டேன். ஓடினேன்.

ஆலய வளவின் பதுங்கு குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தென்னங்குற்றிக் கூரை, மேலே மண்மூட்டை. வாசலால் மட்டும் வெளிச்சம் வந்தது. விமானம் இரண்டு முறை சுற்றியது. குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் உடனே வெளியே வர முடியாது, அது திரும்பி வரும். மிசி ரின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சும்மா நிண்டு என்ன செய்யிறது? எடுங்கோ" என்று நீட்டினார்.

எல்லோரும் எடுத்தோம். வாசலுக்குப் பக்கத்தில் நின்றவள் மலர். அவள் தன் துண்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். வசனம் வாசிக்கச் செல்லும் நேரத்தைவிட அதிக நேரம் வாசித்தாள். நான் என்னையறியாமல் சட்டைப் பைக்குள் கைவிட்டேன். அங்கே இன்னும் ஒரு துண்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் ரின்னில் போட்டிருக்க வேண்டிய, வசனம் எழுதிய துண்டு.

மலர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அத்தான், இதிலை வயசு பிழை" என்றாள். "அவருக்கு முப்பத்தாறு இல்லை, முப்பத்தைஞ்சு. மார்கழியிலைதான் முப்பத்தாறு."

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. துண்டை மிசியிடம் கொடுத்தாள். மிசி வாசித்தார். பிலிப்பு அண்ணையிடம் கொடுத்தார். அவர் எழுத்துக் கூட்டி மெல்ல வாசித்தார். தண்ணீருக்குள் நின்ற என் கால்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேசன், இத்தனை கிழமையும் எங்களுக்கு முன்னாலை தம்பிக்காக ஜெபிச்சனீங்கள். என்னத்தை நம்பி ஜெபிச்சனீங்கள்?" என்று மிசி கேட்டார். அதட்டலாக அல்ல. நோயாளியிடம் எங்கே நோகிறது என்று கேட்பது போல.

"நான் நம்பேல்லை, மிசி" என்றேன். "அவன் செத்துப்போனான் எண்டுதான் நினைக்கிறன். மலருக்காகச் சும்மா சொன்னனான்."

குழுவில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

பிலிப்பு அண்ணை தொண்டையைச் செருமினார். "பேப்பர்த் தம்பி, உமக்கு என்னை ஞாபகம் இல்லை. எனக்கு உம்மை நல்ல ஞாபகம். ரெண்டு வருசத்துக்கு முன்னம் என்ரை பெடியன் கடலிலை செத்தவன். அறிவித்தல் குடுக்க உம்மடை பேப்பர்க் கந்தோருக்கு வந்தனான். நீர்தான் எழுதினனீர். நல்லாய் எழுதினனீர், ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒருக்காலும் நிமிந்து என்னைப் பாக்கேல்லை."

அப்போதுதான் அந்த முகம் ஞாபகம் வந்தது. முகம்கூட அல்ல, கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கைகள்.

"என்ரை பெடியன்ரை உடம்பு வந்தது. அதாலை குடுத்தனான்" என்றார் அவர். "உம்மடை தம்பியின்ரை உடம்பும் வரேல்லை, சேதியும் வரேல்லை. அதுக்குள்ளை உமக்கென்ன அவசரம்?"

நான் துண்டைக் கிழித்துவிடலாம் என்று கை நீட்டினேன். மலர் அதைப் பிலிப்பு அண்ணையின் கையிலிருந்து தான் வாங்கிக்கொண்டாள்.

"இது எனக்கு விழுந்தது. நான்தான் வைச்சிருக்க வேணும். உங்கடை பென்சிலைத் தாங்கோ, அத்தான்."

பத்திரிகைக்காரன் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். கொடுத்தேன். அவள் துண்டின் வெறுமையான பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். மடித்துத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். என்ன எழுதினாள் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று வீடு திரும்பும்போது மூன்று மைலும் அவள் என் சைக்கிளின் பின்னால்தான் இருந்து வந்தாள். வேறு யாரோடும் போயிருக்கலாம். போகவில்லை. வழியில் ஒரே ஒரு முறை கதைத்தாள். "அத்தான், முன்னாலை குழி கிடக்கு, பாத்து."

புறப்படும் முன் மிசி என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வேலை தந்திருந்தார். "இந்தக் கிழமை உங்களுக்கு மனனம் இல்லை. மனனத்திலை நீங்கள் கெட்டிக்காரன், அது உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை. உங்கடை மேசைக்கு அறிவித்தல் கொண்டு வாற ஆக்கள் இருக்கினமே, செத்தவையின்ரை பேரைக் கேக்க முன்னம் வந்தவையின்ரை பேரைக் கேளுங்கோ. இருக்கச் சொல்லுங்கோ. மனதுக்குள்ளை அவைக்காக ஜெபியுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, ஆராதனைக்கு முன், நான் கிணற்றடியில் தனியே நின்று ஜெபித்தேன். சொற்கள் ஒழுங்காக வரவில்லை. "ஆண்டவரே, அவன் இல்லை என்று நான் நினைக்கிறேன். உமக்கு வேறு தெரிந்தால் எனக்குத் தெரியப்படுத்தும். ஒன்றும் தெரியப்படுத்தாவிட்டாலும் என்னைப் பொய்யனாக விட்டுவிடாதேயும்." நான் ஜெபித்தது இதுவே. கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

திங்கட்கிழமை முதல், வருகிறவர்கள் உட்காருவதற்கென்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரை போட்டேன். வருகிறவர்களின் பெயரைக் கேட்டேன். இருக்கச் சொன்னேன். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. சனம் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு கதைத்தார்கள். ஒரு தாய் தன் மகனைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தாள், அறிவித்தல் ஐந்து வரிதான். ஓர் ஆள் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டுப் போனார். பொன்னையா அண்ணைக்கு எரிச்சல். "நேசன், உம்மடை கவுண்டர் தேத்தண்ணிக் கடை மாதிரிப் போச்சு. எனக்குக் கோக்கிறதுக்கு ஒண்டும் வருகுதில்லை" என்றார்.

டிசெம்பர் வந்தது. அருளின் பிறந்தநாள் வந்தது. மலர் மகளுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தாள். நத்தார்ப் பண்டிகை வந்தது, போனது. ஒரு சேதியும் இல்லை. குழுவில் நான் இப்போது நீண்ட ஜெபம் செய்வதில்லை. என் முறை வரும்போது, "என்னால் இன்னும் நம்ப முடியவில்லை, உதவி செய்யும்" என்று மட்டும் சொல்வேன். ஆமென் என்று முதலில் சொல்வது பிலிப்பு அண்ணைதான்.

1994 ஜனவரி நடுப்பகுதியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், அராலியைச் சேர்ந்த ஒருவர் வந்தார். திருநீறு பூசியிருந்தார், மொட்டை அடித்திருந்தார். தாயின் முப்பத்தோராம் நாள் கிரியை அறிவித்தல் கொண்டுவந்திருந்தார். முன்பென்றால் தாளை வாங்கி ஐந்து நிமிடத்தில் அனுப்பியிருப்பேன். கதிரையைக் காட்டினேன். பெயர் கேட்டேன். கணேசன் என்றார்.

"அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு நான் இல்லை, ஐயா" என்றார். "நேற்றுத்தான் வந்து சேந்தனான். அங்காலை, வவுனியாவிலை, ஆமி முகாமிலை ஒரு மாதம் மறிச்சு வைச்சிருந்தவை."

"ஏன் மறிச்சவை?"

"அடையாள அட்டையிலை படம் தெளிவில்லையாம். எனக்காவது அட்டை இருந்தது. என்னோடை ஒரு வாத்தியார் இருந்தவர், அவருக்கு அட்டையே இல்லை. கடலேரியிலை சூடு பட்டு விழுந்து, அட்டை தண்ணியோடை போட்டுது. கன நாள் ஆஸ்பத்திரியிலை கிடந்து, பிறகு முகாமிலை கொண்டுவந்து விட்டவை. ஆளை ஆரெண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. அதாலை விடுகினம் இல்லை."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"பேர் என்ன?"

"வாத்தியார் எண்டுதான் கூப்பிடுவம். ஒரு பொலித்தீன் பை வைச்சிருப்பார். படுக்கேக்கையும் கைக்குள்ளைதான். 'வாத்தியார், உதென்ன சாமிப்படமோ' எண்டு நாங்கள் பகிடி பண்ணுவம். பிள்ளையின்ரை இழுப்புக்கு உறிஞ்சிற மருந்தாம்."

உடனே எழுந்து வீட்டுக்கு ஓட நினைத்தேன். ஆனாலும் பதினாறு வருடப் பழக்கம் போகவில்லை. உறுதிப்படுத்த வேண்டும்.

"அவற்ரை இடது புருவத்திலை ஒரு வெட்டுக்காயம் இருக்குதோ?"

"ஓம்" என்றார் கணேசன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் காயம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சிறுவயதில் கிட்டிப்புள் விளையாடும்போது என் கையால் பட்டது. "அவர் என்ரை தம்பி" என்று மட்டும் சொன்னேன். தாயை இழந்து வந்த மனிதர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நான் அவருடைய தாயின் அறிவித்தலை எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. அதைப் பொன்னையா அண்ணையிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஏழு மைலும் எப்படி மிதித்தேன் என்று தெரியாது.

மலர் முற்றத்தில் உடுப்பு விரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டுத்தான் கீழே இருந்தாள். அதன் பிறகு அழுதாள். ஐந்து மாதத்தில் நான் கண்ட முதல் அழுகை அது.

பிறப்புச் சாட்சிப் பத்திரம், பள்ளிக்கூட அதிபரின் கடிதம், போதகரின் கடிதம் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அருள் எங்களுக்கு மூன்று கடிதங்கள் கொடுத்துவிட்டிருந்தான் என்றும் ஒன்றுகூட வந்து சேரவில்லை என்றும் பிறகு அறிந்தோம். பெப்ரவரிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், அவன் மினிபஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கினான். வலது காலை இழுத்து நடந்தான். கையில் அந்தப் பொலித்தீன் பை. உள்ளே இருந்த மருந்தில் பாதி உப்புத்தண்ணீர் பட்டுப் பழுதாகியிருந்தது. மற்றப் பாதியை மகள் பாவித்தாள்.

அன்று மாலை, எல்லோரும் போன பிறகு, மலர் வேதப்புத்தகத்தைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து அருளின் கையில் கொடுத்தாள். நான் எழுந்து வெளியே போக முயன்றேன். "இருங்கோ, அத்தான்" என்றாள்.

அருள் தன் மரண அறிவித்தலை முழுவதும் வாசித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணை, நல்லாய்த்தான் எழுதியிருக்கிறியள்" என்றான்.

"வயசு பிழை" என்றேன்.

அவன் யோசித்தான். "இல்லையே. மார்கழி முடிஞ்சுதே. இப்ப முப்பத்தாறு சரிதான்."

மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன்பின் அருள் துண்டைத் திருப்பினான். பின்பக்கத்தில் என் பென்சிலால், பதுங்கு குழியின் இருட்டில், கோணல்மாணலாக அவள் எழுதிய வரி இருந்தது.

'இதை அவரே வாசிக்க வேண்டும். மலர்.'

அன்புள்ள சகோதர சகோதரிகளே, எனக்கு விளங்காததை விளங்கியது போல எழுத மாட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கடலேரியில் போன வேறு சிலர் இன்றுவரை வரவில்லை. அவர்களுடைய வீடுகளிலும் ஜெபித்தார்கள். என்னைவிட உண்மையாக ஜெபித்திருப்பார்கள். இதைப் பற்றி நான் ஒருநாள் பிலிப்பு அண்ணையிடம் கேட்டேன். மகனைப் பறிகொடுத்தவர் எப்படி ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தம்பிக்காக ஆமென் சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்:

"என்ரை பெடியனைக் கேட்டனான், கிடைக்கேல்லை. உம்மடை தம்பியைக் கேட்டனான், கிடைச்சுது. ரெண்டையும் ஒருத்தரிட்டைத்தான் கேட்டனான், தம்பி. நான் வேறை ஆரிட்டைப் போறது?"

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் உண்மையைச் சொல்லி ஜெபித்த பிறகுதான் மனிதர்களின் முகத்தைப் பார்க்கக் கற்றேன். முகத்தைப் பார்த்ததால்தான் கணேசனுக்குக் கதிரை கொடுத்தேன். கதிரை கொடுக்காவிட்டால் அவர் ஐந்து நிமிடத்தில் போயிருப்பார், என் தம்பி இருக்குமிடமும் அவரோடு போயிருக்கும். இவற்றை ஒன்றோடொன்று கோத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். கவுண்டரில் அந்தக் கதிரை இன்றும் இருக்கிறது.

அடுத்த மாதம் எங்கள் சபையில் புதிய குழு தொடங்குகிறது. இம்முறை அருளும் சேர்கிறான். எட்டுப் பேருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். மனனம் வராது என்று பயப்பட வேண்டாம். விசுவாசம் போதாது என்றும் பயப்பட வேண்டாம், நான் சைக்கிளோடு போனவன். தாள்துண்டுகளை நான் கொண்டு வருவேன். நீங்கள் உங்கள் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருப்பதைக் கொண்டு வாருங்கள். அதைத்தான் ரின்னில் போட வேண்டும்.